தானாக அணைந்த சூடம்

பூங்காவனத்தை நல்லவள் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. வாய் அப்படி. பூசைக்குக் குளிக்காமல் வந்தவனை அவன் மாமியார் எதிரிலேயே திட்டி விரட்டுவாள். எங்கள் தீவில் ரோஸ் பெல் ஊருக்குப் பக்கத்தில், சர்க்கரை ஆலைத் தோட்டத்தின் ஓரத்து மாமரத்தடியில் இருந்த மாரியம்மனுக்கு விளக்கேற்றுவது அவள் வேலை. அந்த வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. முன்பு ஏற்றிக்கொண்டிருந்த கிழவி செத்த மறுநாள் இவள் எண்ணெயும் திரியுமாக வந்து நின்றாள், அவ்வளவுதான்.

புருஷன் விட்டுப்போன இரண்டு அர்ப்பாங், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், நிலத்தில் கரும்பு போட்டிருந்தாள். அதுதான் அவள் சோறு. சுற்றுவட்டாரத்தில் இருந்தது ஒரே ஆலை. வெட்டிய கரும்பு நாலு நாள் வெயிலில் கிடந்தால் சாறு வற்றி அடுப்புக்குத்தான் ஆகும். அதனால் ஆலை வாசலில் நிற்பவனைப் பார்த்து எல்லோரும் சிரித்து வைப்போம். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள்.

வாசலில் நின்றவன் கங்காணி வேலை பார்த்த சர்தார் சின்னத்தம்பி. நம் ஆள்தான். கூலிகளை மேய்த்து மேலே வந்தவன். கரும்பு நிறுக்கும்போது தராசருகில் நிற்பதும் அவனே. அந்தத் தராசு எவ்வளவு விழுங்கியது என்று அவனுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. சொத்தும் கையெழுத்தும் உள்ள ஆண்களுக்குத்தான் அப்போது ஓட்டு. எங்கள் ஊரில் ஒன்பது பேர் தேறினார்கள். என் அப்பா வைத்திலிங்கம் அதில் ஒருவர். ஆலை முதலாளியின் மைத்துனர், நாங்கள் முசே என்று மரியாதையாகக் கூப்பிடும் ஜில்பெர், தேர்தலில் நின்றார். அதற்கு முந்தைய தேர்தலிலும் நின்றவர்தான். அப்போது அவருடைய ஆட்கள் ரம்மும் வேட்டியும் கொடுத்துப் பார்த்தார்கள். நம் ஆட்கள் ரம்மைக் குடித்தார்கள், வேட்டியைக் கட்டிக்கொண்டார்கள், மறைவில் போய் இஷ்டப்பட்டவருக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். முசே தோற்றார். சீட்டில் யார் என்ன போட்டார்கள் என்று எட்டிப் பார்க்க வழியில்லை.

இந்த முறை சின்னத்தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். பாழாய்ப்போன வழி. ஒன்பது பேரும் மாரியம்மன் முன்னால் சூடத்தைக் கையால் அணைத்து, முசேக்குத்தான் ஓட்டு என்று சத்தியம் செய்ய வேண்டும். ரம்மை ஏமாற்றலாம், அம்மனை ஏமாற்ற எவனுக்குத் துணிச்சல் வரும்? முதலாளிக்கு இது தோன்றியிருக்காது. நம்முள் ஒருவனுக்குத்தான் தோன்றும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை பூங்காவனத்திடம் வந்து விஷயத்தைச் சொன்னான். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் சூடம் ஏற்றித் தர வேண்டும். தந்தால் அடுத்த வெட்டில் அவள் வண்டிக்கு முதல் இடம். தராவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள். அவன் அவளுடைய கரும்பைப் பார்த்தான்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் இதே பேச்சு. போகாமல் இருந்துவிடலாமே என்றாள் அம்மா. போகாதவன் கரும்புக்கும் அதே கதிதான் என்றார் அப்பா. பிராது கொடுக்கலாம் என்றால், அதை வாங்க வேண்டிய துரை ஞாயிறுதோறும் முதலாளி வீட்டில் சாப்பிடுகிறவர்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பேரும் மரத்தடியில் நின்றார்கள். பெண்கள் நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம். ரோட்டோரம் முசேயின் மோட்டார் கார், உள்ளே அவர். பூங்காவனம் தட்டில் சூடத்தை வைத்து ஏற்றினாள். சின்னத்தம்பி அப்பாவை முதலில் வரச் சொன்னான். அப்பா ஒரு அடி எடுத்துவைத்தார். பூங்காவனம் தட்டை அவர் பக்கம் நீட்டவில்லை. சின்னத்தம்பியின் பக்கம் நீட்டினாள்.

"கேக்கறவன் கைதான் முதல்ல தம்பி. இங்க அதானே வழக்கம்."

வழக்கம் அதுதான். கோழி திருடு போனாலும் வரப்பு நகர்ந்தாலும், சத்தியம் கேட்கிறவன் முதலில் தன் பேச்சு நிஜம் என்று ஒரு சூடத்தை அணைத்துக் கொடுக்க வேண்டும். பொய்யென்றால் பழி கேட்கிறவன் தலையிலும் உட்காரும். சின்னத்தம்பியே அந்த இடத்தில் எத்தனையோ தடவை அப்படிச் செய்தவன். ஆலைக்காக வந்த அவசரத்தில் அதை மறந்துவிட்டான்.

என்னவென்று சத்தியம் செய்வது என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"இவங்க கரும்ப நேரா நிறுக்கறேன், நேரா நிறுத்தேன்னு சொல்லு. சொல்லி அணை. அப்புறம் ஒம்போது பேரும் அணைப்பாங்க."

அவனுக்கு ஒரே மகள். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு இதே அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்றவள். மொட்டையடித்து மஞ்சள் கயிறு கட்டியபோது தட்டைப் பிடித்திருந்தவள் பூங்காவனம். அவன் கை சூடத்துக்கு மேல் வந்து நின்றது. காரிலிருந்து ஹாரன் ஒலித்தது. கையை இழுத்துக்கொண்டான். சூடம் குறுகி, நீலமாகி, தானாக அணைந்தது.

இன்னொன்று ஏற்றச் சொன்னான். தானாக அணைந்ததற்கு மேல் ஏற்றும் வழக்கம் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு அவள் தட்டைக் கழுவப் போனாள். ஒன்பது பேரும் சத்தியத்தில் மாட்டாமல் வீடு திரும்பினார்கள்.

தேர்தலில் முசே ஜில்பெர் ஜெயித்தார்.

ஆகஸ்டில் பூங்காவனம் கரும்பை வெட்டி, வாடகை வண்டியில் ஏற்றி ஆலைக்குப் போனாள். சின்னத்தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல், "ப்ளாஸ் இல்ல அக்கா," என்றான். உள்ளே இடமில்லையாம். மறுநாளும் இல்லை. ஐந்தாம் நாளும் இல்லை. அந்த ஐந்து நாளும் ஒன்பது பேருடைய வண்டிகளும் அவள் வண்டியைத் தாண்டி உள்ளே போயின. அப்பாவின் வண்டியும் போயிற்று. ஒரு கட்டுக் கரும்பைக்கூட யாரும் அவளிடமிருந்து வாங்கி ஏற்றிக்கொள்ளவில்லை. அவள் யாரையும் கேட்கவும் இல்லை. கடைசியில் காய்ந்த கரும்பை அடுப்புக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அதற்குப் பிறகு அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பூங்காவனம் திருநீறு நீட்டினாள். அப்பா கை நீட்டவில்லை.

"நான் முசேக்குத்தான் போட்டேன் அக்கா," என்றார். "சத்தியம் பண்ணல. ஆனா பயத்துல போட்டுட்டேன்."

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பூங்காவனம் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"யாருக்கு ஓட்டுன்னு கேக்க வந்தவன் சின்னத்தம்பி," என்றாள். "நான் கேக்கலியே."

திருநீற்றை அவளே அப்பாவின் நெற்றியில் பூசிவிட்டாள்.

அடுத்த வெட்டில் எங்கள் வண்டியில் இரண்டு வகைக் கட்டுகள் போயின. பூங்காவனம் கட்டும் முடிச்சு தனி மாதிரி. ஊரில் யார் பார்த்தாலும் தெரியும். வாசலில் சின்னத்தம்பி முடிச்சைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்பா மாட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. ஆனாலும் அவர் மாட்டை நிறுத்தவில்லை.