பார்வதியக்கா டிவியில் வரவில்லை

எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாகக் குளிர்ந்த தண்ணீர் எடுக்க வேண்டுமென்றால் குனிந்துதான் போக வேண்டும். ஐஸ் பெட்டியின் கதவில், கண் உயரத்தில், என் மகள் தர்ஷினி ஒரு பெரிய சிவப்புப் பொட்டை ஒட்டி வைத்திருந்தாள். அதுதான் காமிரா. அதன் எதிரே நிமிர்ந்து நின்று, பல் துலக்கிய கையோடு, "செலாமாட் பெத்தாங்" என்று மலாய் மொழியில் மாலை வணக்கம் சொல்லிச் செய்தி வாசிப்பாள். விடிந்ததும் விடியாததுமாக மாலை வணக்கம். நான் குறுக்கே போய்விட்டால், "அப்பா, நியூஸ்ல வர்றீங்க!" என்று கத்துவாள். அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பா உள்ளே வந்தால் நாங்கள் எல்லாரும் எழுந்து நிற்போம். இங்கே நான் என் மகளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே கோழி போலப் பதுங்கிப் போகிறேன். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் ஒளிபரப்பு இதழியல் படிக்க அவள் மனு போட்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைத்துவிட்டார்கள். வருகிறவர்கள் நிறைய, எடுக்கப் போவது கொஞ்சம் பேர். இதை விட்டால் அவளுக்கு வேறு எதிலும் மனமில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மலாக்கா மாநிலத்தில், அலோர் காஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மகளுக்கு நான் செய்யக்கூடிய உதவி, கேள்வி கேட்கும் அதிகாரி போல எதிரே உட்காருவதுதான். அவள் எழுதிக் கொடுத்த கேள்விகளை மலாயில் கேட்டேன். பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இந்த நாட்டுக்காரர்கள் பேச்சின் முடிவில் போடும் 'லா'வோடு சொன்னாள்: "அப்பா, 'ஏன் இந்தத் துறைக்கு வந்தாய்'னு கேக்கச் சொன்னா, 'தேத்தாரேக்கா, கோப்பியா'ங்கற மாதிரியே கேக்கிறீங்கலா!" நான் இந்த நாட்டில் மலாய் பழகியதே மேசை துடைத்துக்கொண்டு, ஆற்றின டீயா காப்பியா என்று கேட்டுத்தான். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் என்ன வேண்டும் என்பது ஒன்றுதான்.

தேர்வுக்கு வரும்போது, சொந்த மாவட்டத்திலிருந்து ஒரு சிறிய செய்திப் படம் எடுத்து வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையான மனிதர்கள் பேச வேண்டும். தர்ஷினி யோசிக்கவே இல்லை. என் மனைவி சுசீலா பிறந்தது ரெம்பியாவுக்கு உள்ளே, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், மிச்சமிருக்கும் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. சுங்கை ஊடாங் பக்கம் அடுக்குமாடி வீடு கிடைக்கும் என்று ஒரு பேச்சு. கையில் ஒரு தாளும் வரவில்லை. கடல் தாண்டி வந்த எனக்கு இருப்பது சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசியின் அடையாள அட்டை. அந்த லயத்தில் பிறந்தவர்களுக்கு நீல ஐசி, குடிமக்கள். என் வாடகை வீட்டை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. நீல ஐசிக்காரர்கள்தான் சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டு எங்கள் கடைக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போனபோது லயத்து வாசலெல்லாம் கூட்டித் தெளித்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பெண்கள் பட்டுப்புடவை கட்டித் தலையில் பூ வைத்திருந்தார்கள். சுசீலா முதல் நாளே போன் போட்டு, "எங்க தர்ஷினி டிவி வீடியோ எடுக்க வர்றா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டிருந்தாள். போதாததற்கு மகள் கையில் இருந்த மைக். கோயிலில் இரவல் வாங்கிய மைக்கில் சோயா பால் பெட்டியை வெட்டி ஒட்டி, நீல வண்ணம் அடித்து, டிவிக்காரர்களுடையது போலவே செய்திருந்தாள். அதைப் பார்த்ததும் எல்லாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மாமா, இது சும்மா ப்ராக்டிஸ்தான். என் இன்டர்வியூவுக்கு. டிவியில வராது" என்று தர்ஷினி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

முனியாண்டி மாமா அந்தத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்ந்தவர். வாயில் வெற்றிலையோடு சிரித்தார். "நெசமாவே டிவியில இருந்து வந்தவனுங்க, எலெக்‌ஷனுக்கு வந்தவனுங்க, அத்தன பேரும் வரும் வரும்னு சொன்னானுங்க, ஒன்னும் வரலலா. இந்தப் புள்ள வராதுன்னு சொல்லுது. இதாவது வரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். தர்ஷினி மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை.

பார்வதியக்கா சுசீலாவுக்குப் பெரியம்மா மகள். நான் அந்த லயத்துக்கு மாப்பிள்ளையாகப் போன நாளிலிருந்து வாய் நிறைய "மாப்ள" என்று கூப்பிடுகிறவர். நாற்காலியில் உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். "நகையப் போட்டுக்கிட்டு வீடு இல்லன்னு அழுதா எவன் நம்புவான்?" என்றார். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நான் எதிரே நின்றேன். கூச்சக்காரனுக்கு அதுதான் நல்ல இடம், படத்தில் வர மாட்டான். அவர் நன்றாகத்தான் பேசினார். இந்த வீட்டில்தான் பிறந்தேன், இந்த வாசலில்தான் புருஷனைக் கிடத்தினோம், இனி எங்கே போவது என்று. சொல்லி முடித்துக் கண்ணைத் துடைக்கும்போது ஒரு செம்பனை லாரி பாதையில் போனது.

"பெரியம்மா, லாரி சத்தம் விழுந்திருச்சு. இன்னொரு தடவை சொல்றீங்களா? புருஷன கிடத்துனோம்னு சொன்னீங்கல்ல, அங்கேருந்து."

மகள் அன்பாகத்தான் கேட்டாள். அக்காவும் மறுக்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்த வரியிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை இன்னும் அதிகமாக அழுதார்.

எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. நான் இங்கே வந்த புதிதில் ஊரில் ஒரு புயல். வீட்டின் ஓடெல்லாம் போய்விட்டது. டிவிக்காரர்கள் ஜீப்பில் வந்து, விழுந்த சுவரின் முன்னால் அம்மாவை நிற்க வைத்துப் பேசச் சொன்னார்களாம். வெளிச்சம் சரியில்லை என்று திரும்பவும் பேசச் சொன்னார்களாம். அம்மா காமிராவைப் பார்த்து, "மலேசியாவுல எம்மவன் இருக்கான், அவன் பாப்பான்" என்று சொன்னாராம். ஊரில் கடை வைத்திருந்தவரின் போனில் என்னைக் கூப்பிட்டு, "பாத்தியாய்யா?" என்றார். "இன்னும் போடலம்மா" என்றேன். "இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குப் போடுவாங்க. பாத்துக்கிட்டே இரு" என்றார். கடையில் தட்டு எடுத்துக்கொண்டே நான் டிவியைப் பார்த்தேன். இந்த நாட்டு டிவியில் எங்கள் ஊர் வரவே வராது என்பது அப்போது எனக்குத் தெரியாது. சாப்பிட வந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள், முதலாளி திட்டினார். என் கண் டிவியிலேயே இருந்தது. அம்மா போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வியை விடவில்லை.

தேர்வு நாளில் மலாக்காவிலிருந்து பஸ் பிடித்து மகளோடு போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவர்களின் அப்பாக்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டார். நேரம் கேட்கிறார் என்று நினைத்து என் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தர்ஷினி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஏறிய பிறகு சொன்னாள்.

"பெரியம்மாவ நடிகையான்னு கேட்டாங்கப்பா. அவ்ளோ நல்லா இருக்காம்."

"வீட்டப் பத்தி என்ன கேட்டாங்க?"

"வீட்டப் பத்திக் கேக்கல. சவுண்ட் எப்படி இவ்ளோ க்ளீனா எடுத்தேன்னு கேட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இடம் கிடைத்துவிட்டது. சுசீலா லட்டு செய்து, தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள். மோட்டார் சைக்கிளில் போனேன். லயத்தில் பாதி வீடுகளின் கதவு நிலைகளைக்கூடப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். கோயிலடியில் உட்கார்ந்திருந்த முனியாண்டி மாமா என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. நான் கடந்து போனதும் பக்கத்தில் இருந்தவரிடம், என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "நம்ம கண்ணீர்ல மகளுக்கு சீட்டு வாங்கிட்டான்லா, ஊர்க்காரன்." இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இங்கே அதுதான் பெயர். அந்த லயத்தில் அந்தப் பெயரை நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. கோபப்பட எனக்கு வழியில்லை. அவர் பொய் சொல்லவில்லை.

பார்வதியக்கா வீட்டில் சாமான்களெல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. அந்த அட்டைப்பெட்டிகளில் எங்கள் கடை எண்ணெயின் பெயர் இருந்தது. டிவியை மட்டும் கட்டவில்லை. "வாங்க மாப்ள, சரியான நேரத்துக்கு வந்தீங்க. தமிழ்ச் செய்தி போடப் போறான்" என்றார்.

"அக்கா, அது வந்து... தர்ஷினி அன்னிக்கே சொன்னாளே..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மாப்ள. அவ சின்னப் புள்ள, அவளுக்கென்ன தெரியும். இன்னிக்கு இல்லன்னா நாளைக்குப் போடுவாங்க. அதுக்குத்தான் டிவிய கடைசியா கட்டலாம்னு வச்சிருக்கேன்" என்றவர், கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

திரையில் ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னாள். பார்வதியக்கா அவளுக்குக் கைகூப்பிப் பதில் வணக்கம் வைத்தார். லட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்தேன். எங்கோ வெள்ளம், யாரோ பாலம் திறந்தார்கள், நாளைக்கு மழை. ஒரு காலத்தில் எச்சில் தட்டுகளோடு நின்று அம்மாவின் முகத்தைத் தேடியது போலவே, வராது என்று நன்றாகத் தெரிந்தும், பார்வதியக்காவின் முகத்தை அந்தத் திரையில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.