அன்னம்மாள் இறைத்த குடம்

ஆஸ்டின் டவுனில் அன்னம்மாளின் இஸ்திரி வண்டியைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. காலர் சரியாக நிற்கவில்லை என்று எவராவது சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தால், "கழுத்தை நேரா வெச்சு நடங்க சார், காலர் தானா நிக்கும்" என்பாள். சட்டைக்காரர் சிரித்துவிட்டுப் போவார். சிரிக்காதவருக்கு அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

இப்பேர்ப்பட்ட வாய் கன்னடத்தில் மட்டும் திறக்காது. தெரியாமல் இல்லை. பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான், சின்ன வயதில் தெருவில் சண்டை போட்டதெல்லாம் கன்னடத்தில்தான். எதிர்ப்பக்கம் மாவு மில் வைத்திருக்கும் கோவிந்தப்பா, "ஊட்டா ஆய்தாம்மா?" என்று கேட்பார். "சாப்பாடு ஆச்சுண்ணா" என்று இவள் தமிழில் சொல்வாள். ஏன் இப்படி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கண்ணெதிரேதான் எல்லாம் நடந்தது.

கல்யாணமான வருஷத்திலிருந்து அன்னம்மாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகைக் கடைசி வெள்ளியன்று செருப்பில்லாமல் தொம்மலூர் வரை நடந்து, ஊற்றுக் கங்கம்மா கோயில் கிணற்றில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவாள். பழைய ஊருக்குள், இரண்டு பேர் உரசிக்கொண்டு போகிற சந்தின் கடைசியில் இருக்கிறது அந்தக் கோயில். அம்மன் சின்னவள், கிணறுதான் பெரியது. கோலார், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்தெல்லாம் ஜனம் வரும்.

அந்தக் கிணற்றுக்கு ஒரு சட்டம். தனக்குத் தானே இறைத்து ஊற்றிக்கொள்ளக் கூடாது. முன்னால் நிற்பவர் பித்தளைக் குடத்தில் இறைத்து, பின்னால் நிற்பவர் குனிந்த தலையில் ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டவர் ஈரத்தோடு அடுத்த குடத்தை இறைத்துத் தனக்குப் பின்னால் இருப்பவருக்கு ஊற்ற வேண்டும். வாங்கிய தண்ணீரை இன்னொரு தலைக்குக் கொடுக்காமல் போனால் வேண்டுதல் செல்லாது. பின்னால் நிற்பவர் யார், எவர், என்ன ஜாதி என்று கேட்பதும் கூடாது.

எல்லாம் தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் கெட்டுப்போயிற்று. காவிரித் தண்ணீர் பங்கீட்டில் ஊர் கொதித்துக் கிடந்த டிசம்பர் மாதம். தமிழ்க்காரர் கடைகளை உடைக்கிறார்கள் என்று முந்தின நாளே பேச்சு வந்துவிட்டது. "இந்த வருஷம் வேணாம் அன்னம்" என்றான் அவள் புருஷன் ஜெயராஜ். அவள் கேட்டால்தானே? "தண்ணிக்காக அடிச்சுக்கிறவங்க அடிச்சுக்கட்டும். நான் சாமி தண்ணிக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். கல்யாண வீட்டுத் துணி இரண்டு மூட்டை கிடந்ததால் ஜெயராஜ் கரியைப் பற்றவைத்துக்கொண்டு வண்டியிலேயே நின்றான்.

ஈரத் தலையும் நெற்றி நிறைய மஞ்சளுமாக அவள் தெருமுனை திரும்பியபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். கல்யாணப் பட்டுப்புடவைகள் சாக்கடையில் எரிந்துகொண்டிருந்தன. ஜெயராஜைத் துணி விரிக்கும் பலகை மேல் குப்புறப் போட்டு நாலு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். முகத்தில் பாதி துணி கட்டிய ஒருத்தன் கையில் இஸ்திரிப் பெட்டி. உள்ளே கங்கு சிவந்து கிடந்த பெட்டி.

"கன்னடதல்லி ஹேளோ! ஹேளோ!" என்று தொண்டை கிழியக் கத்தினான் அவன். கன்னடத்தில் சொல்லுடா என்று. அத்தனை பேரிலும் அவன் குரல்தான் பெரிது.

ஜெயராஜுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பயத்தில் அவனுக்கு எந்த பாஷையும் வரவில்லை. "சாமி, சாமி" என்றான். அவ்வளவுதான். பெட்டி முதுகில் இறங்கியது. சட்டை கருகியது, பிறகு தோல். அந்த நாற்றத்தை அன்னம்மாள் இன்றுவரை மறக்கவில்லை. இத்தனை வருஷமாகியும் சோளம் சுடுகிற வண்டிப் பக்கம் கூட அவள் போவதில்லை.

அவள் கூட்டத்துக்குள் எப்படி நுழைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வண்டிக்கடியில் இரண்டாவது பெட்டி தயாராகக் கனன்றுகொண்டிருந்தது. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கங்கு அத்தனையையும் முகத்தில் துணி கட்டியவன் பிடரியில் கொட்டினாள். சட்டைக்குள்ளேயும் காதுக்குள்ளேயும் நெருப்பு ஓடியது. "அம்மா!" என்று அலறிக்கொண்டு தரையில் புரண்டான். அதற்குள் எவனோ கட்டையால் அடித்ததில் அவள் விழுந்தாள். வயிற்றில் மிதித்தார்கள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

நனைத்த கோணிச் சாக்கோடு ஓடிவந்தவர் கோவிந்தப்பாதான். சாக்கை ஜெயராஜ் முதுகில் போட்டு, இரண்டு பேரையும் மில்லுக்குள் இழுத்து, ஷட்டரை இறக்கினார். வெளியே நின்று, "நன்ன மனேயவரு, முட்டிதரெ நோடி!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். என் வீட்டு மனிதர்கள், தொட்டால் தெரியும் என்று. அவருக்கும் இரண்டு அடி விழுந்தது. ராகி மூட்டைக்குப் பின்னால் மாவு அப்பிய முகத்தோடு கிடந்த அன்னம்மாள், வெளியே கேட்ட ஒவ்வொரு கன்னட வார்த்தையையும் வெறுத்தாள். கோவிந்தப்பா பேசியதும் அதே பாஷைதான் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பிறகும் தோன்றவில்லை.

ஜெயராஜ் பிழைத்தான். பெட்டியின் முக்கோணம் முதுகில் அப்படியே பதிந்துவிட்டது. வலது தோள் மேலே எழவில்லை. அதற்குப் பிறகு பெட்டியைத் தொடவில்லை, துணி மடித்துக் கொடுப்பதோடு சரி. அன்னம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் முதுகுப் பக்கம் போக மாட்டாள். போனால் அவனுக்கு உடம்பு தூக்கிப் போடும்.

ஒவ்வொரு கார்த்திகையும் கோவிந்தப்பாவும் அவளோடு கிணற்றுக்கு நடந்து வந்தார். புருஷன் தோள் சரியாக வேண்டிக்கொள்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் தலையில் தண்ணீர் விழும்போது மனசுக்குள் கேட்டது வேறு. "அவனை ஒரே ஒரு தடவை என் கைக்குக் குடு தாயே." ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தைகள்.

வரிசையிலும் ஒரு தந்திரம் செய்தாள். பின்னால் நிற்பவர் யார் என்று கேட்கத்தானே கூடாது, காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் யார் என்ன செய்ய முடியும்? பின்னால் கன்னடம் கேட்டால், "நீங்க முன்னால போங்க" என்று கையைக் காட்டித் தனக்கு முன்னால் தள்ளிவிடுவாள். தமிழ் கேட்கும்வரை இப்படியே நடக்கும். கோவிந்தப்பாவையும் எப்போதும் முன்னால்தான் நிறுத்துவாள். அதனால் வருஷா வருஷம் அவரோ வேறு கன்னடக்காரரோ ஊற்றுவார், இவள் குளிப்பாள். வாங்கிக்கொள்வதில் அவளுக்குப் பேதம் இல்லை, கொடுப்பதில்தான். கோவிந்தப்பாவுக்கு இது புரியாமல் இல்லை. முன்னால் போய் நின்றுகொள்வார்.

இரண்டாயிரத்து ஒன்றிலும் அப்படித்தான். சந்துக்கு வெளியே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன, கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் கூட வரிசையில் நின்றார்கள். அன்னம்மாளுக்குப் பின்னால் ஒரு கிழவியும் மருமகளும் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை முன்னால் அனுப்பினாள். அடுத்து வந்தவன் தாடிக்காரன், குளிருக்குத் தலையோடு காதையும் சேர்த்து மப்ளர் சுற்றியிருந்தான்.

"லைன் இதாம்மா?" என்றான்.

தமிழ். அன்னம்மாளுக்கு நிம்மதி. "இதாம்பா. எந்தப் பக்கம்?"

"சிவாஜிநகர்மா. துணிக்கடையில மூட்டை தூக்குறேன். தூக்கமே வரதில்லம்மா, வருஷக் கணக்கா. இந்தத் தண்ணிய ஊத்திக்கிட்டா வரும்னாங்க."

"வரும், வரும். என் கையால ஊத்துறேன், குறட்டை விட்டுத் தூங்குவ பாரு" என்றாள். அவன் சிரித்தான். நல்ல பிள்ளையாக இருக்கிறானே என்று கூட நினைத்தாள்.

முறை வந்தது. கோவிந்தப்பா தலை நனைந்தவுடன் கிழவிக்கு ஊற்றினார், கிழவி மருமகளுக்கு, மருமகள் அன்னம்மாளுக்கு. வழக்கமான வார்த்தைகளை மனசுக்குள் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்னம்மாள் கயிற்றைப் பிடித்தாள். குடம் நிறைந்து கனத்து மேலே வந்தது. அவன் மப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டுக் குனிந்தான்.

"பிடரிப் பக்கம் பாத்து ஊத்தும்மா. அங்க தோலு சரியில்ல, ஜில்லுனு பட்டா குத்தும்."

பிடரி முழுக்க உருகி இறுகிய தழும்பு. கங்கு விழுந்த இடமெல்லாம் குழி குழியாக. இடது காதில் பாதி இல்லை.

அன்னம்மாள் குடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பத்து வருஷமாகக் கேட்டதைத் தாயார் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாள், அதுவும் தலையைக் குனிய வைத்து. ஆனால் அவன் ஏன் தமிழில் பேசுகிறான்?

"கன்னடதல்லி ஹேளோ" என்றாள் அவள். பத்து வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கன்னடம்.

அவன் கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. மெல்ல நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றி மஞ்சளையும் ஈரத் தலையையும் பார்த்தவுடன் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நானும் தமிழன்தாம்மா" என்றான், குரலே எழும்பாமல். "வழியில என்னைப் பிடிச்சுட்டாங்க. தமிழன் இல்லேன்னா இவனுக்குப் பெட்டி போடுன்னு கையில குடுத்தாங்க. நான் போடலேன்னா என்னைக் கொளுத்தியிருப்பாங்கம்மா. அதான் எல்லாரையும் விட சத்தமா..."

அவன் முடிக்கவில்லை. தண்ணீரோடு குடம் அவன் தலையில் இறங்கியது. பித்தளை நசுங்கிய சத்தம் கேட்டது. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. "என் வீட்டுக்காரன் முதுகுடா அது! முதுகுடா!" என்று கத்திக்கொண்டே மறுபடி ஓங்கினாள். தோளில் அடித்தாள். தடுத்த கையில் அடித்தாள். விரல் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் எதிர்த்து அடிக்கவுமில்லை, ஓடவுமில்லை. கோவிந்தப்பா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தபோதுதான் நின்றாள்.

அவன் மப்ளரால் தலையை அமுக்கிக்கொண்டு எழுந்தான். தண்ணீருக்காக நிற்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துச் சந்துக்குள் போய்விட்டான். தூக்கம் கேட்டு வந்தவன் ரத்தத்தோடு போனான்.

அன்னம்மாளுக்கு ஆறவில்லை. ஆறும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அவனை அடித்தாயிற்று, ஜெயராஜ் முதுகு அப்படியேதான் இருக்கும். யாரை வெறுப்பது என்று கூட இப்போது அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒன்றையாவது கைவசம் வைத்திருந்தாள், அதையும் அவன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

பூசாரி கல்லில் கிடந்த ரத்தத்தைப் பார்த்துக் கத்தினார். "யாராச்சும் வந்து குனிங்கப்பா! இந்தம்மா வாங்கின தண்ணி இவ கையிலேயே நின்னுச்சுன்னா லைனே அறுந்துபோகும். பின்னால நிக்கிற யாருக்கும் தண்ணி கிடையாது!"

ஒருத்தரும் அசையவில்லை. நசுங்கிய குடத்தோடு நிற்கிற பைத்தியக்காரி முன்னால் எவர் தலையைக் கொடுப்பார்? கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் பின்னுக்கு நகர்ந்தார்கள். ஒரு தாய் குழந்தையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கோவிந்தப்பா அவள் மணிக்கட்டை விட்டார். ஏற்கனவே நனைந்த வேட்டியோடு, வரிசையில் அவளுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் போய் நின்றார். பிறகு ரத்தம் காயாத அதே கல்லில் மண்டியிட்டு, தன் வழுக்கைத் தலையை அவள் கைக்கு எட்டும்படி குனிந்தார்.

"ஹுய்யம்மா" என்றார். ஊற்றம்மா.

அன்னம்மாள் மறுபடி குடத்தைக் கிணற்றுக்குள் இறக்கினாள். கயிறு இரண்டு தடவை நழுவியது. நசுங்கிய குடத்தில் பாதித் தண்ணீர்தான் நின்றது. அவர் பிடரியில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று இருந்தது, அன்று மில் வாசலில் வாங்கியது. பத்து வருஷமாக எதிரெதிரே வாழ்ந்தும் அவள் அதைக் கவனித்ததே இல்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றபோதெல்லாம் அவள் கவனம் தனக்குப் பின்னால் கேட்கிற பாஷையில்தானே இருந்தது?

"கண்ணு முச்கொள்ளி அண்ணா" என்றாள் அன்னம்மாள். "நீரு தண்ணகிதெ."

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஊற்றினாள்.