பக்கெட்டைச் சுற்றிய செயற்கைக்கோள்

எனக்கு எட்டு வயதானபோது, ஒரு கோடை முழுக்க எங்கள் அடையாறு வீட்டில் ஒரு செயற்கைக்கோள் வழிதவறிக்கொண்டே இருந்தது. அக்காவின் லேப்டாப்பில் ஒரு நீல வட்டம், அதுதான் பூமி. அதைச் சுற்ற ஒரு வெள்ளைப் புள்ளி. நொடிக்கு நொடி புள்ளி எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு நகர்த்தும் புரோகிராமை அக்காவே எழுதியிருந்தாள். ஆனால் கிளம்பிய இடத்துக்கு அது திரும்பி வந்ததே இல்லை. சுற்றுக்குச் சுற்று விலகி, கடைசியில் திரையைவிட்டே ஓடிப்போகும்.

சனிக்கிழமை அதைக் கல்லூரியில் காட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் மேற்படிப்புக்கு வடக்கே அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அமையாது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடல்காற்றில் மொட்டைமாடி கொஞ்சம் ஆறியதும், அக்கா என்னை மேலே இழுத்துப்போனாள். நடுவில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்தாள். அது பூமி, நான் செயற்கைக்கோள். அந்தப் பதவியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நீ எப்பவும் பக்கெட் பக்கமா விழுந்துகிட்டே இருக்கே. ஆனா பக்கவாட்டுல வேகமா ஓடுறதால அதைத் தொடவே மாட்டே," என்றாள்.

கிழக்கே வெளிறிய நிலா தெரிந்தது. அதுவும் விழுகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அத்தனை பெரிய நிலா என் தலைக்குமேல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நான் நிற்கும் இடத்திலிருந்து பக்கெட்டை நோக்கி அக்கா சாக்பீஸால் ஓர் அம்பு போடுவாள், அதுதான் பூமியின் இழுப்பு. நான் ஓர் அடி முன்னே வைத்து, அந்த அம்பு காட்டிய பக்கம் கொஞ்சம் திரும்புவேன். புரோகிராம் செய்வதும் இதுதானாம். மூன்றாவது சுற்றில் என் கால் அம்மா காயப்போட்டிருந்த வடாமில் போய் இறங்கியது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

அடி விழுமே என்ற பயத்தில் பழியை அவள்மேல் போட்டேன். "நான் இங்க வந்தப்புறமும் நீ பழைய இடத்து அம்பையே காட்டுறே. நான் அங்க இல்லையே."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு படியிறங்கி ஓடினாள்.

நான் கீழே போவதற்குள் ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தாள். நகர்ந்த பிறகு, வந்து சேர்ந்த இடத்து இழுப்பை வைத்துத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைப் புள்ளி கிளம்பியது, சுற்றியது, தொடங்கிய இடத்தை வந்து தொட்டது. அடுத்த சுற்றும் போட்ட கோட்டின்மேலேயே போனது. உள்ளே வெறும் எண்கள்தான், கட்டி இழுக்கக் கயிறுகூடக் கிடையாது. கற்பூரம் காட்டும்போதுகூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை. வடாம் விசாரணைக்கு வந்த அம்மாவும் விசாரணையை மறந்து நின்றாள்.

"சேர்ந்துடுச்சுப்பா," என்றாள் அக்கா.

அப்பா "ம்" என்றார். வெகுநேரம் திரையையே பார்த்துவிட்டு, அக்காவின் தலையில் ஒருமுறை கைவைத்துவிட்டுப் போனார்.

கைதட்டிக் குதித்தது நான் மட்டும்தான். அக்காவுக்கே வழி சொன்னவள் என்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அன்றும் வழக்கம்போல் அக்காவின்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். அவளை என் பக்கத்திலிருந்து வடக்கே அனுப்பிவைத்ததே நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.