கூப்பிட்ட வரியில் ஒஸ்லோ

பெர்கனில் என் மகளின் பாலர் பாடசாலையில் பிள்ளையின் முகத்தை நம்பமாட்டார்கள். ஜாக்கெட்டின் கழுத்தில் தைத்திருக்கும் பெயர்த்துண்டைத்தான் நம்புவார்கள். பழைய துணிக்கடையில் வாங்கிய ஜாக்கெட்டில் 'லார்ஸ்' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு கிழமையாக அது லார்ஸின் கொளுக்கியில் தொங்கியது. "இது என் மகளுடையது" என்றேன். "லார்ஸுக்குத் தங்கை இருக்கிறாளா?" என்று ஆசிரியை அன்பாகக் கேட்டார்.

அந்தக் கொளுக்கியைப் பார்க்கும்போதெல்லாம் செல்வனை நினைத்து வயிறு எரிகிறது. செல்வன் மருதனார்மடத்தான், என்னோடு கணினி படித்தவன். நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டேன், அவன் ஊரிலேயே நின்றுவிட்டான்.

ஊரில், மானிப்பாயில், என் தங்கை சுபா கலியாணப் பெண்களுக்குச் சாறிச் சட்டை தைக்கிறாள். அளவெடுக்க நேரம் பதியும் பக்கம் ஒன்றை அவளுக்குச் செய்து கொடுத்தேன். அதில் ஓடும் நாட்காட்டி நிரல் நான் எழுதியது. யாரும் தங்கள் தளத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்ப்பதற்கு ஸ்கிரிப்ட் டேக் என்ற ஒற்றை வரி போதும். நிரல் வந்து இறங்கியதும் தன்னைக் கூப்பிட்ட வரியைத் தேடிப் பார்க்கும். என்ன மொழி, எந்த ஊர் நேரம் என்று அதில் எழுதியிருப்பதை வாசித்து அப்படியே நடக்கும். தான் எந்த நாட்டில் ஓடுகிறோம் என்று யோசிக்காது. இங்கே ஒரு சலூனுக்குச் செய்த பக்கத்திலிருந்து அந்த வரியைப் பிரதி எடுத்தேன். மொழியைத் தமிழாக்கினேன். ஊரை மாற்றவில்லை.

சோதித்தும் பார்த்தேன். சுபா தன் போன் நாட்காட்டியில் காலை பத்து என்று பதிந்தது என் திரையில் ஐந்தரை என்று வந்தது. இத்தனை மாரிகாலமும் ஊர் நேரத்தில் நாலரை மணித்தியாலத்தைக் கழித்துக் கழித்தே வாழ்ந்தவனுக்கு அதில் பிழை தெரியவில்லை. சரியாகத்தானே இருக்கிறது என்று மூடிவைத்தேன்.

ஒரு நாள் எழும்பியபோது சுபாவின் இரண்டு குரல்பதிவுகள் கிடந்தன. "அண்ணை, விடியக் காலமை அஞ்சரைக்குப் பொம்பிளை வீட்டுக்காரர் வந்து கேற்றைத் தட்டுகினம். நீங்கள் செய்து தந்த பக்கத்திலை அந்த நேரம்தான் கிடக்காம்." அடுத்தது: "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. செல்வன் அண்ணை வந்து சரியாக்கிப்போட்டார்."

முன்பெல்லாம் அவனை 'உங்கடை சினேகிதன்' என்பாள். இப்போது செல்வன் அண்ணை. ஆபத்துக்குக் கூப்பிடும் அண்ணன் நான்தான் என்று இவ்வளவு காலமும் இருந்தேன்.

குறை பிடிக்கவென்றே செல்வனை அழைத்தேன்.

"மச்சான், உன்ரை நிரலிலை ஒரு பிழையுமில்லை. கூப்பிட்ட வரியிலை உங்கடை தலைநகர் ஒஸ்லோ எண்டு கிடந்தது. கொழும்பு எண்டு மாத்தினன், அவ்வளவுதான்."

"எப்பிடிப் போனனி?"

"சைக்கிளிலைதான். கிட்டத்தானே."

அவன் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பொறாமை அந்தக் 'கிட்ட'த்தில்தான். அவனைவிட நல்ல நிரல் எழுதுவேன். கேற்றடிக்கு என்னால் போகமுடியாது.

லார்ஸின் பெயரை வெட்டியெடுத்துவிட்டு மகளின் பெயரைத் தைத்தேன். பிறகு எனக்கு மட்டுமாக ஒரு பக்கம் செய்தேன். ஒரே நிரலை இரண்டு வரிகளால் கூப்பிட்டேன். ஒன்றில் ஒஸ்லோ, மற்றதில் கொழும்பு. நாளைக்குச் சுபா ஒரு நேரத்தை அடைத்து வைத்திருந்தாள். மேலே காலை எட்டரை, கீழே பகல் ஒரு மணி. இரண்டிலும் ஒரே குறிப்பு: 'செல்வன் அண்ணை சாப்பிட வாறார்.'

எட்டரைக்கு நான் பாலர் பாடசாலையில் நிற்பேன். மகளின் ஜாக்கெட்டை அவளுடைய கொளுக்கியில் மாட்டும்போது, அங்கே சுபாவின் சாப்பாட்டு மேசையில் நான் வழமையாக இருக்கும் கதிரையை இழுத்துப்போட்டு அவன் உட்காருவான்.