பெயின்ட் டப்பாவில் ஐந்து நாள் உருண்ட மோதிரக்கல்

கற்களைப் பற்றி உறுதியாகப் பேசிப் பேசித் தலைகுனிந்தவன் நான். ஆதலால் நண்பரே, என் கண் கண்டதையும் கை சோதித்ததையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

நேற்று பெரம்பலூரில் எங்கள் புதிய சமையலறைக்குக் கருங்கல் பலகை அறுத்தார்கள். நீர் சொட்டச் சொட்டக் கல் தேயும் அந்த மணம் என்னை அரியலூர் வாடகை வீட்டுக்கு இழுத்துச் சென்றது. மணமான முதல் ஆண்டு. மழை விட்ட ஞாயிறுகளில் பருத்திக் காட்டோர ஓடைகளில் கல் பொறுக்குவேன். கழிப்பறை கழுவும் ஆசிட் பட்டு நுரைத்தால் சுண்ணாம்புக் கல், எறிந்துவிடுவேன். கத்தி கீறாதது கடுங்கல், அதை மெருகேற்றுவேன். மெருகேற்றும் கருவி ஒரு பெயின்ட் டப்பா. உள்ளே லாரி டியூப் ரப்பர் ஒட்டி, சாணைத்தூளும் நீரும் கல்லும் இட்டு மூடினால், பழைய கிரைண்டர் மோட்டார் அதை நாள் முழுதும் உருட்டும். அவ்விரைச்சலை நான் சங்கீதம் என்பேன். என் மனைவி மலர்கொடி சூட்டிய பெயரை அச்சில் ஏற்ற இயலாது.

ஜெயங்கொண்டத்திலிருந்து வரும் என் அக்காவுக்கு மலர்கொடியின் விரல்மேல்தான் கண். மலர்கொடிக்கு அவளுடைய மறைந்த தாய் விட்டுச்சென்ற சிவப்புக்கல் மோதிரம் அதில் இருந்தது.

"ஏம்மா மலரு, உங்க வூட்டுக் கண்ணாடிக் கல்லு இன்னும் மங்கலயா?"

நான் சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்புக்கு இன்றும் நாணுகிறேன். அதே அக்கா ஒரு பச்சைத் துண்டைக் கொண்டுவந்தபோது, கத்திக்குத் தப்பியது என்ற ஒரே ஆதாரத்தில், மரகதம் என்று தீர்ப்பளித்து டப்பாவுக்கென எடுத்துவைத்தேன்.

மோதிரத்தின் பிடிப்புத் தளர்ந்து கல் கழன்றது. ஆசாரியிடம் கொடுப்பதற்காக மலர்கொடி அதைச் சன்னலோரத் தட்டில் வைத்தாள். அதில் என் சிவந்த கற்சில்லுகளும் கிடந்தன. பாராமல் அனைத்தையும் அள்ளி, பச்சைத் துண்டோடு டப்பாவில் இட்டு ஓடவிட்டேன். ஐந்தாம் நாள், அக்கா வந்திருந்த வேளையில், மலர்கொடி கல்லைத் தேடினாள்.

"என்னங்க, தட்டுல வச்ச கல்லு எங்க?"

மோட்டாரை நிறுத்தினேன். கண்ணாடியாயின் தேய்ந்தே போயிருக்கும்.

"எங்கம்மான்னு சொல்ல அது ஒண்ணுதாங்க இருந்துச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

சேற்றைச் சல்லடையில் கொட்டிக் கழுவினேன். பச்சைத் துண்டு பட்டாணியளவாகச் சுருங்கி, பால்போல் வெளுத்துக் கிடந்தது. வெறும் பாட்டில் கண்ணாடி. அடியில் சிவப்புக்கல். மேனி சற்றே மங்கியிருந்தது. பட்டைகளின் விளிம்பு மழுங்கவில்லை. அது கண்ணாடியல்ல.

"எம் மரகதம் எங்கடா?" என்றாள் அக்கா.

"கரைஞ்சிருச்சு அண்ணி," என்றாள் மலர்கொடி. "உங்க கல்லாச்சே, ரொம்ப எளகின மனசு."

முதலில் சிரித்தவள் அக்காதான். விரலைப் பார்த்துக் கேட்கும் அந்தக் கேள்வி அன்றோடு எங்கள் வீட்டிலிருந்து மறைந்தது. நான் கல் பொறுக்கிய ஓடையும் பின்னாளில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போய்விட்டது. கேள்விக்காக நான் வருந்தவில்லை.

அக்கல் மண்ணில் விளைந்த மாணிக்கமா, ஆலையில் ஆக்கியதா? இரண்டுக்கும் கடினம் ஒன்றே. என் டப்பாவால் பிரித்தறிய இயலாது. சோதனைக்குக் கொடுக்க மலர்கொடி இசையவில்லை. ஆகவே எனக்குத் தெரியாது.