அத்தை தோற்க வேண்டிய பரீட்சை

என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலையிலிருந்து மட்டும்தான். வீட்டில் யாராவது கூன் போட்டு உட்கார்ந்தால் இன்றைக்கும் முதுகில் ஒரு தட்டு விழும். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையான எனக்கும் விழுந்திருக்கிறது, அதுவும் என் அப்பா அம்மா எதிரிலேயே.

மாமா நேர் எதிர். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. உட்கார்ந்தே சம்பாதித்து, உட்கார்ந்தே குடும்பம் நடத்தியவர். மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் "டீச்சர்"தான். போன வருஷம் பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கம் செயலிழந்துவிட்டது. வாய் மட்டும் தப்பித்தது. அது நல்லதா கெட்டதா என்று அத்தைக்கு அவ்வப்போது சந்தேகம் வரும்.

வீட்டோடு பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். வந்தவர்களையெல்லாம் அத்தை வரிசையில் நிற்க வைக்காத குறைதான், ஒருத்தரும் தங்கவில்லை. சரி, நானே தூக்குகிறேன் என்று இறங்கினார். ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். அதன் பிறகுதான் முதியோர் இல்லம் தேடக் கிளம்பினோம்.

மாநிலத்தில் பாதியைச் சுற்றியிருப்போம். ஒரு இல்லத்தின் வாசலில் நீரூற்று இருந்தது, உள்ளே தண்ணீர் வரவில்லை. இன்னொன்றில் ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம், நடுவில் பெரிய மதில். "இந்த வயசுல எங்களால என்னப்பா ஆபத்து?" என்று மாமா கேட்டதற்கு மேலாளர் தரையைப் பார்த்தார். மூன்றாவதில் எல்லா வசதியும் இருந்தது, நாற்றமும் இருந்தது.

ஒருவழியாக ஓர் இடம் அமைந்தது. சுத்தமான அறைகள், இரவிலும் நர்ஸ், என் மனைவி வேலைக்குப் போகிற வழி. ஒரே சிக்கல், தளம். பிறர் உதவி தேவைப்படுகிறவர்களுக்குக் கீழ்த்தளம்; தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மேல் மாடி. பகலில் யாரும் யாரோடும் இருக்கலாம், இரவானால் அவரவர் தளம். தலைமை நர்ஸ் சோதித்துப் பார்த்து முடிவு செய்வார். மாமா கீழே என்பதில் சந்தேகமே இல்லை. அத்தை மேலே என்பதிலும் இல்லை.

"ராத்திரில அவருக்குப் புரையேறும். எப்படித் திருப்பிப் படுக்க வைக்கணும்னு எனக்குத்தான் தெரியும். நான் கீழதான் இருப்பேன்," என்றார் அத்தை.

"உங்களைப் பார்த்தா நர்ஸ் டியூட்டில சேரச் சொல்லிடுவாங்க அத்தை."

"அப்ப நான் ஃபெயில் ஆயிடறேன்."

ஃபெயில் ஆவதற்கும் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தார். தினமும் காலையில் ஆரம்பித்துவிடும். கூன் போட வேண்டும், நாற்காலிப் பிடியைப் பற்றி எழ வேண்டும், முனக வேண்டும், சுவரைத் தடவி நடக்க வேண்டும். நான்தான் நர்ஸ். முதலில் அவர் முனகியது மைதானத்தில் உத்தரவு போடுவது போல இருந்தது. "முடியலன்னு முனகணும் அத்தை. மிரட்டக் கூடாது," என்று திருத்தினேன். வாங்கிய தட்டுக்கெல்லாம் நான் பழிவாங்குவதாக என் மனைவி சொன்னாள். அபாண்டம் என்று சொல்ல முடியாது.

சக்கர நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்து மாமா முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். போகப் போகச் சிரிக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது போலும் என்று நினைத்தேன்.

சோதனை அன்று அத்தை வெளுத்து வாங்கிவிட்டார். எழும்போது தள்ளாடினார். நடக்கும்போது நின்று மூச்சு வாங்கினார். பாட்டில் மூடியைத் திறக்கச் சொன்னதற்கு, முடியாமல் என்னிடம் நீட்டினார். எனக்கும் திறக்கவில்லை, அது நடிப்பு இல்லை. தலைமை நர்ஸ் பேனாவை எடுத்தார்.

"ரெண்டு பேருக்கும் கீழயே ஒரே ரூம் போட்டுடலாம்."

எனக்குக் கை தட்டத் தோன்றியது. அப்போது மாமா வாயைத் திறந்தார்.

"எழுதாதீங்க சிஸ்டர். இவ பி.டி. டீச்சர். எல்லாம் நடிப்பு. மாப்பிள்ளைதான் சொல்லிக் கொடுத்தார்."

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தை சீறினார். "உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? யாருக்காக இவ்வளவு பாடுபட்டேன்?"

"எனக்காகத்தான். ஆனா நேத்து மத்தியானம் நீ தண்ணி எடுக்க சமையலறைக்குப் போனே. வீட்டுல யாரும் இல்ல, நானும் தூங்கறேன்னு நினைச்சே. சுவரைப் பிடிச்சுக்கிட்டே போனே டீச்சர். அது யாருக்காக?"

அத்தை நர்ஸ் பக்கம் திரும்பினார். மாமா விடவில்லை.

"என்னைத் திருப்பிப் படுக்க வைக்க இங்க ஆள் இருக்கு. நீ இந்தப் படுக்கைங்களுக்கு நடுவுல வந்து படுத்தா, கொஞ்ச நாள்ல உன்னையும் ஒருத்தர் திருப்பிப் போடணும். அதை என்னால பார்க்க முடியாது. தனியாப் படுக்க எனக்கு பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் நீ மேலயே இரு."

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா இவ்வளவு நீளமாகக் கேலி கலக்காமல் பேசி நான் கேட்டதே இல்லை.

தலைமை நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இப்ப நிஜமா ஒரு தடவை எழுந்திருங்க, பார்க்கலாம்."

அத்தை விருட்டென்று எழப் பார்த்தார். இருந்த கோபத்தில் நடிப்பெல்லாம் மறந்திருக்கும். ஆனால் கை தானாகப் போய் நாற்காலிப் பிடியைப் பற்றியிருந்தது. பாதி எழுந்தவர் அதைக் குனிந்து பார்த்தார். யாருடைய கையோ அங்கே இருப்பது போலப் பார்த்தார். பயந்துவிட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

மறுபடி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேலயே போடுங்க சிஸ்டர்," என்றார். "படிக்கட்டுக்குப் பக்கத்து ரூமா இருக்கட்டும். ராத்திரி இவருக்குப் புரையேறினா, லிஃப்டுக்கெல்லாம் நின்னுக்கிட்டிருக்க முடியாது."