வாடகை வீட்டுச் சாமானுக்கு வந்த சாட்சிகள்

எரிந்த வீட்டு வாசலில் நின்று, ஜெபிக்கவும் வார்த்தை வராமல் தவித்தவன் நான். கர்த்தர் செய்ததைச் சபையாருக்குச் சொல்லாமலிருக்க என்னால் ஆகவில்லை.

அது 1956, ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். மண்டபத்தில் மரைக்காயர் ஒருவரின் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி மேரி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பக்கத்து அடுப்படியில் பற்றிய தீ காற்றோடு எங்கள் கூரைக்குத் தாவியது. உயிர்ச்சேதமில்லை. ஆனால் மேரி துணி தைத்துச் சம்பாதித்த மெஷின், சீர்ப் பாத்திரங்கள், கட்டில், என் புத்தகங்கள், எல்லாம் போயின.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டபோதே மரைக்காயர் சொல்லியிருந்தார்: "வாத்தியாரே, இது சுவருக்கும் ஓட்டுக்குந்தான். உம்ம சாமானுக்கு நீருதான் போட்டுக்கிறணும்." போட்டேன். ஆண்டவரை விட்டுக் கம்பெனியை நம்புகிறேன் என்று சிலர் கேலி செய்தார்கள்.

தீக்குப் பிறகு, மதுரையிலிருந்து கம்பெனி ஆள் வருவார், சாமான் இருந்ததற்கு அத்தாட்சி கேட்பார் என்றார்கள். ரசீதுகளும், சாமான் வாங்கியதை நான் தேதி போட்டு எழுதி வைத்த குறிப்புகளும் அதே தீயில் எரிந்துவிட்டன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன். கடற்கரை வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். என் சம்பளத்தை மட்டும் வைத்துக் குடித்தனம் மீண்டும் எழும்பாது. முழங்காலிட்டாலும் மனம் நிற்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஆண்டவரே, இருந்ததை இருந்தது என்று சொல்ல ஒரு வாய் தாரும்."

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வந்தார். சாம்பலைக் குச்சியால் கிளறினார்.

"வாடகை வீட்டுல இவ்வளவு சாமானா, சார்?"

அப்போது எதிர்வீட்டு ஆயிஷா பீவி ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தார். மகள் நிச்சயத்துக்கு மேரியிடம் இரவல் வாங்கியது. விளிம்பில் மேரியின் பெயரும் எங்கள் கல்யாண வருஷமும் வெட்டியிருந்தன.

"இதோட கூடப்பொறந்ததெல்லாம் அங்கன கெடக்கு, தம்பி. அந்த அண்டாவுலதான் எம்மக நிச்சயத்துக்கு நெய்ச்சோறு ஆக்குனோம். தேச்சுப் பாருங்க."

நெளிந்து கிடந்த அண்டாவைக் கம்பெனி ஆள் தேய்த்தார். கரிக்கு அடியில் அதே எழுத்து, பாதிப் பெயராய்த் தெரிந்தது. அதற்குள் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். கருவாடு விற்கும் முனியம்மா முன்னே வந்தாள்.

"எம்மவன் போட்டிருக்க சட்டை அந்த மெஷின்ல தச்சதுதான். கழட்டித் தரச் சொல்லவா?"

கம்பெனி ஆள் சிரித்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

கேட்ட தொகை முழுவதும் வரவில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு முன்பே மேரி புது மெஷினில் தைத்தாள். அன்று முதல் எங்கள் குடும்ப ஜெபம் தெருவாரின் பெயர்களைச் சொல்லாமல் முடிவதில்லை.

பிரியமானவர்களே, வாடகைக்கு இருந்தாலும் உங்கள் சாமான்களுக்குக் காப்பீடு செய்யுங்கள். அது அவிசுவாசமல்ல. மனம் அலைபாயும்போது கர்த்தரிடம் கேளுங்கள். எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நான் கடற்கரைவரை அலைந்தேன். அவர் திறந்தது எதிர்வீட்டுக் கதவை.